போறணை இல்லாத வீட்டில் பாண்

ஊருக்குத் திரும்பிய முதல் மாதங்களில் வீட்டில் தட்டுப்பாடில்லாமல் இருக்கும் பொருள்களில் ஒன்று கோதுமை மா. உலர் உணவுப் பொதியில் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவற்றோடு அதுவும் வருகிறது. அந்த மாவில் நீங்கள் ரொட்டி சுடுகிறீர்கள், புட்டு அவிக்கிறீர்கள். சில நாட்கள் போனதும் பிள்ளைகள் பாண் கேட்கத் தொடங்குவார்கள்.

பல கிராமங்களில் பேக்கரி இன்னும் திறக்கவில்லை. திறந்த இடத்திலும் காலையில் பாண் வந்து சேர நேரமாகிவிடும். அதற்குள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் ஒரு மூட்டை மா இருக்கும்போது, கையிலுள்ள கொஞ்சக் காசையும் கடைப் பாணுக்குக் கொடுப்பது யாருக்கும் மனம் ஒப்பாத செலவு. அந்தக் காசு கொப்பிக்கும் மண்ணெண்ணெய்க்கும் விதை வெங்காயத்துக்கும் தேவைப்படுகிறது.

இந்தப் பாணுக்குப் போறணை வேண்டாம். ஈஸ்ற் வேண்டாம். மாவை இரவு முழுக்கப் புளிக்க வைக்கவும் வேண்டாம். மா, உப்பு, அப்பச்சோடா, புளிப்பான மோர், மூடியுள்ள ஒரு கனமான பாத்திரம், அடுப்பில் மிஞ்சிய தணல் ஆகியவை இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பாண் தயாராகிவிடும். ஒரேயொரு ஒழுங்கை மட்டும் மாற்றக்கூடாது: முதலில் தணல், பிறகுதான் மா. அதற்கான காரணத்தையும் செய்முறையையும், இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டிய ஆபத்துகளையும் கீழே வாசியுங்கள்.

இது எங்கிருந்து வந்த பாண்?

இதைச் சோடாப் பாண் என்பார்கள். இது அயர்லாந்து நாட்டு ஏழை வீடுகளின் பாண். அங்கு விளையும் கோதுமை மென்மையானது. அதில் ஈஸ்ற் போட்டு நன்றாக எழும்பும் பாண் செய்வது கடினம். பெரும்பாலான குடிசைகளில் போறணையும் இருக்கவில்லை. ஆனால் மாடு வளர்த்த வீடுகளில் வெண்ணெய் கடைந்த பின் மிஞ்சும் புளித்த மோர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சமையற் சோடா மலிவாகக் கடைகளுக்கு வந்தபோது, அந்த மோரையும் சோடாவையும் சேர்த்துப் பாண் சுடும் பழக்கம் நாடெங்கும் பரவியது. மூன்று கால்கள் வைத்த இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, சட்டியின் கீழும் மூடியின் மேலும் தணலைப் போட்டு அவர்கள் சுட்டார்கள்.

மேலும் கீழும் தணல் போடுவது எங்களுக்கும் புதிதல்ல. போறணை இல்லாத காலத்தில் எங்கள் ஊர்களிலும் சட்டியை மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல் பரப்பிக் கேக் சுட்டார்கள். உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். தணலை எவ்வளவு போடுவது, எப்போது எடுப்பது என்பதை இந்தக் கட்டுரையைவிட அவர் நன்றாகச் சொல்லித் தருவார்.

சோடா மாவை எப்படி எழுப்புகிறது?

பாண் மென்மையாக இருப்பதற்குக் காரணம் அதனுள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். பேக்கரிப் பாணில் அந்தக் குமிழிகளை ஈஸ்ற் உண்டாக்குகிறது. எங்கள் அப்பத்துக்குப் பனங்கள்ளு விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். கள்ளிலும் இயற்கையான ஈஸ்ற் இருக்கிறது. அது உயிருள்ள பொருள். மாவிலுள்ள சீனிச் சத்தைத் தின்று மெதுவாகக் காற்றை வெளிவிடும். அதனால்தான் அப்ப மா இரவு முழுக்கப் பொங்க வேண்டியிருக்கிறது.

அப்பச்சோடா உயிருள்ள பொருளல்ல. பாடசாலைப் புத்தகத்தில் இதைச் சோடியம் இருகாபனேற்று என்று எழுதியிருப்பார்கள். இது ஈரத்தில் ஏதாவது புளிப்போடு சேர்ந்தவுடன் காபனீரொட்சைட்டு வாயு நுரைத்துக் கிளம்புகிறது. அந்த வாயுதான் மாவைத் தூக்குகிறது. சூட்டில் மா இறுகும்போது குமிழிகள் இருந்த இடம் அப்படியே நின்றுவிடும்.

இந்த நுரைப்பு மோர் பட்ட உடனேயே தொடங்கிவிடும், யாருக்காகவும் காத்திருக்காது. மாவைக் குழைத்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனால், தணல் விழும் நேரத்துக்குள் வாயுவில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சுட்டாலும் பாண் எழும்பாது. முதலில் தணல், பிறகு மா என்று சொல்வது இதனால்தான்.

ரொட்டிக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. ரொட்டி மாவை நன்றாகக் குழைத்து ஊற விடுகிறோம். குழைக்கக் குழைக்க மாவிலுள்ள பசைத்தன்மை கூடி இழுபடும். சோடாப் பாணுக்கு அது வேண்டாம். அதிகம் குழைத்தால் வாயுவும் போகும், பாணும் கல்லாகும். மா ஒன்று சேர்ந்தால் போதும்.

சரியான சோடாவை வாங்குங்கள்

கடையில் சோடா என்று மூன்று வேறு பொருள்கள் கிடைக்கும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மூன்றும் ஒன்றல்ல.

அப்பச்சோடா: இதுதான் தேவை. வெள்ளையான மெல்லிய தூள். மளிகைக் கடையிலும் சங்கக்கடையிலும் சிறு பொதிகளாகக் கிடைக்கும்.

பேக்கிங் பவுடர்: இதில் சோடாவோடு புளிப்புப் பொருளும் ஏற்கெனவே கலந்திருக்கும். மோர் இல்லாவிட்டால் இதைப் பாவிக்கலாம். அப்போது அப்பச்சோடா போட வேண்டாம். அரைக் கிலோ மாவுக்கு நான்கு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டு, வெறும் தண்ணீரிலோ பாலிலோ குழைக்கலாம்.

சலவைச் சோடா: இது உடுப்புத் தோய்ப்பதற்கு உரியது. ஒருபோதும் உணவில் சேர்க்கக் கூடாது. வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும். பெயர் எழுதாத பொதியில் விற்கும் சோடாவை வாங்கும்போது, சாப்பாட்டுக்கு உரியதா என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள். வீட்டில் இரண்டும் இருந்தால் வேறு வேறு போத்தல்களில் போட்டு, பெயர் எழுதி, வேறு வேறு இடங்களில் வையுங்கள்.

அப்பச்சோடா பழையதாக இருந்தால் சக்தி குறைந்திருக்கும். சோதிப்பது சுலபம். ஒரு சிட்டிகை சோடாவின் மேல் இரண்டு துளி தேசிப்புளி விடுங்கள். உடனே பொங்கி நுரைத்தால் நல்லது. நுரை வராவிட்டால் அதில் பாண் எழும்பாது.

மாவைப் பாருங்கள்

மூட்டையை அவிழ்த்தவுடன் மாவை மணந்து பாருங்கள். நல்ல மாவுக்கு மெல்லிய தானிய வாசனை மட்டும் இருக்கும். பூஞ்சண வாசனை அடித்தாலும், பச்சை அல்லது கறுப்புக் கட்டிகள் தெரிந்தாலும், நாக்கில் வைத்ததும் கைத்தாலும் அந்த மாவைச் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம். பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு சுட்டாலும் முழுமையாக அழியாது. மழையில் நனைந்து கட்டிபட்ட பகுதியையும் தனியே அகற்றுங்கள். விநியோகத்தின்போதே பழுதாக இருந்தால், மாவைத் தந்தவர்களிடம் காட்டிச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது உங்கள் உரிமை.

ஒன்றிரண்டு வண்டு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அரித்து எடுத்தால் பாவிக்கலாம். அரித்த மாவை மூடியுள்ள வாளியிலோ தகரப் பேணியிலோ போட்டு, நிலத்தில் படாமல் கல்லின் மேலோ பலகையின் மேலோ வையுங்கள். தறப்பாள் கொட்டிலில் நிலத்தின் ஈரம் சாக்கினூடாக ஏறும், எலியும் வரும்.

தேவையான பொருள்கள்

இந்த அளவு ஐந்து பேருக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போதும். சுட்டு எடுத்தால் ஒன்றரை இறாத்தலுக்குச் சற்றுக் கூடிய நிறையில் பாண் கிடைக்கும்.

கோதுமை மா: அரைக் கிலோ (தேநீர்க் கோப்பையால் ஏறக்குறைய 4 கோப்பை)
அப்பச்சோடா: 1 தேக்கரண்டி, மட்டமாக
உப்புத் தூள்: 1 தேக்கரண்டி, மட்டமாக
புளித்த மோர்: ஒன்றரை முதல் 2 கோப்பை வரை
தூவுவதற்குக் கொஞ்ச மா

சோடாவை மட்டும் குத்துமதிப்பாகப் போட வேண்டாம். கரண்டியில் எடுத்து, கத்தியின் முதுகால் மேலே வழித்து மட்டமாக்குங்கள். கூடினால் பாண் சவர்க்காரம் போல ருசிக்கும்.

மோர் கெட்டியாகவும் நன்றாகப் புளித்தும் இருக்க வேண்டும். தயிர் இருந்தால் ஒரு கோப்பைத் தயிரை அரைக் கோப்பைத் தண்ணீரில் அடித்துக் கரையுங்கள். மாடும் இல்லை, தயிரும் இல்லை என்றால் கீழே உள்ளவற்றில் ஒன்றைப் பாவிக்கலாம்:

ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் அல்லது கரைத்த பால்மாவில் 2 மேசைக்கரண்டி தேசிப்புளி.
அதே அளவு தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வினாகிரி.
அதே அளவு தண்ணீரில் 3 மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல். இதில் பாண் சற்று மண்ணிறமாகும், ருசியில் குறையில்லை.

கொதித்து ஆறிய தண்ணீரையே எடுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம். சூட்டில் சோடா இன்னும் அவசரப்பட்டு நுரைத்துவிடும்.

பொருள் தேடப் போகுமுன்

விறகும் தேசிக்காயும் புளியும் ஊரில் காசில்லாமல் கிடைப்பவைதான். ஆனால் நீங்கள் இல்லாத காலத்தில் ஊரில் போர் நடந்திருக்கிறது. ஆளில்லாத வளவில் தேசி மரம் காய்த்துத் தொங்கும். பற்றைக்குள் காய்ந்த பனை மட்டை கிடக்கும். எட்டி எடுத்துவிடலாம் என்று தோன்றும். அந்த இரண்டு அடியில்தான் மிதிவெடி இருக்கக்கூடும்.

கண்ணிவெடி அகற்றி மக்களிடம் ஒப்படைத்த இடங்களிலும், எல்லோரும் நடந்து பழகிய பாதைகளிலும் மட்டும் விறகு பொறுக்குங்கள். மண்டையோட்டு அடையாளப் பலகையோ எச்சரிக்கை நாடாவோ கட்டிய இடத்துக்குள் எக்காரணம் கொண்டும் போக வேண்டாம். பலகை இல்லை என்பதால் மட்டும் ஓர் இடம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். பிள்ளைகளைத் தனியே விறகுக்கு அனுப்பாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவோ எறியவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலரிடமோ பொலிஸ் நிலையத்திலோ கண்ணிவெடி அகற்றும் குழுவினரிடமோ சொல்லுங்கள்.

அயலில் கிடக்கும் இரும்புச் சட்டி, பேணி, தகரம் எதையும் பாண் சுடுவதற்கென்று பொறுக்கி வர வேண்டாம். சில வெடிபொருள்கள் பார்வைக்குச் சமையற் பாத்திரம் போலவே இருக்கும். மருந்து, எண்ணெய், பெயின்ற் இருந்த பேணிகளும் சமையலுக்கு ஆகாது. எவ்வளவு கழுவினாலும் நஞ்சு முழுவதும் போகாது.

இந்தப் பாணுக்கென்று தனியாக விறகு தேட வேண்டியதில்லை என்பது ஒரு நன்மை. சோறு ஆக்கி இறக்கிய பின் அடுப்பில் மிஞ்சும் தணலோடு ஒரு சிறங்கை சிரட்டையோ ஊமலோ சேர்த்தால் ஒரு பாணுக்குப் போதும். பக்கத்து வீட்டாரோடு பேசி, ஒரே தணலில் இரண்டு சட்டி வைத்தால் இருவருக்கும் விறகு மிச்சம்.

பாத்திரமும் தணலும்

கனமான இரும்புத் தாச்சி அல்லது அடிகனத்த சட்டி நல்லது. மூடி தட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். இரும்பு அல்லது மண் மூடி சிறந்தது. பெயின்ற் அடித்த தகரத்தையும் பூச்சுப் பூசிய கூரைத் தகரத்தையும் மூடியாக வைக்காதீர்கள்.

மெல்லிய அலுமினியப் பானை மட்டும் இருந்தால், அதன் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த மணலைப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு தட்டத்தை வைத்து, தட்டத்தில் பாண் சுடலாம். மணல் சூட்டைச் சீராகப் பரப்பும், அடி கருகாது.

தணலில் மூன்றில் ஒரு பங்கு சட்டியின் கீழ், இரண்டு பங்கு மூடியின் மேல். இதுதான் கணக்கு. சூடு மேலே எழும்பிப் போகும் என்பதால், கீழேயுள்ள தணலின் சூடு முழுவதும் நேராகச் சட்டியில் ஏறுகிறது. மூடியில் உள்ளதில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. சமமாகப் போட்டால் அடி கருகும், மேல் வேகாது. அடுப்பில் சுவாலை இருக்கக் கூடாது, தணல் மட்டும்.

செய்முறை

1. அடுப்புத் தணலைப் பரப்பி, வெறும் சட்டியை மூடியோடு வைத்துப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். மூடியின் மேலும் கொஞ்சத் தணல் போடுங்கள்.

2. சட்டி சூடாகும்போது மா, உப்பு, அப்பச்சோடா மூன்றையும் சேர்த்து இரண்டு தரம் அரியுங்கள். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அந்த இடம் மஞ்சளாகிக் கைக்கும்.

3. சூட்டைப் பாருங்கள். சட்டிக்குள் ஒரு சிட்டிகை மாவைத் தூவுங்கள். ஒரு நிமிடமளவில் மெல்லிய பொன்னிறமானால் சூடு சரி. உடனே கறுத்தால் கீழே தணலைக் குறையுங்கள். நிறமே மாறாவிட்டால் கூட்டுங்கள். சூடு சரியாகும்வரை மோரைத் தொட வேண்டாம்.

4. மாவின் நடுவில் குழி செய்து ஒன்றரைக் கோப்பை மோரை ஒரேயடியாக ஊற்றுங்கள். விரல்களை விரித்து வைத்து, நடுவிலிருந்து வெளியே வட்டமாகக் கலவுங்கள். உலர்ந்த மா மிஞ்சினால் மட்டும் இன்னும் கொஞ்சம் மோர் விடுங்கள். மா ரொட்டி மாவைவிட இளக்கமாக, கையில் சற்று ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும்.

5. மா தூவிய பலகையில் போட்டு, இரண்டு மூன்று தரம் புரட்டி உருண்டையாக்குங்கள். குழைக்க வேண்டாம். இரண்டு விரற்கடை தடிப்பான வட்டமாகத் தட்டுங்கள்.

6. கத்தியால் மேலே குறுக்கும் நெடுக்குமாக, பாதி ஆழம்வரை கீறுங்கள். நடுப்பகுதிக்குச் சூடு போவதற்கு இந்தக் கீறல் வேண்டும். சுட்ட பின் நான்காகப் பிய்ப்பதற்கும் அதுவே உதவும்.

7. தணலில் வாட்டிய வாழையிலைத் துண்டில் மாவை வைத்து, இலையோடு தூக்கிச் சட்டிக்குள் இறக்குங்கள். கை சுடாது, அடியும் பிடிக்காது. மூடி, மேலே தணலைப் பரப்புங்கள். மோர் ஊற்றியதிலிருந்து இதுவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

8. இருபது நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். பிறகு ஒரு தரம் பார்த்து, மேலே தணல் நீறாகியிருந்தால் புதிய தணல் போடுங்கள். மூடியைச் சரிக்காமல் நேராகத் தூக்கினால் சாம்பல் உள்ளே விழாது.

9. மொத்தம் முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். வெந்ததா என்று பார்க்க நடுவில் ஓர் ஈர்க்கைக் குத்தி எடுங்கள். மா ஒட்டாமல் வர வேண்டும். பாணைத் துணியால் பிடித்துத் திருப்பி அடியில் தட்டினால் உள்ளே வெறுமையான சத்தம் கேட்க வேண்டும்.

10. எடுத்த பாணைச் சுத்தமான துணியில் சுற்றி அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். மேற்பொருக்கு மெதுவாகும். சூட்டோடு வெட்டினால் உள்ளே களியாகத் தெரியும்.

நேரமில்லாத காலையில்

மூடியில் தணல் போட வசதியில்லை என்றால் தோசைக்கல்லே போதும். வட அயர்லாந்தில் இன்றும் இப்படிச் செய்கிறார்கள். அதே மாவை ஒரு விரற்கடை தடிப்பாகத் தட்டி, நான்கு துண்டாக வெட்டுங்கள். மா தூவிய கல்லில், மெல்லிய சூட்டில், ஒரு பக்கம் எட்டு முதல் பத்து நிமிடம், மறுபக்கமும் அவ்வளவு நேரம் சுடுங்கள். எண்ணெய் வேண்டாம். ஓரங்களையும் கல்லில் நிறுத்திச் சற்று வாட்டுங்கள். இருபது நிமிடத்தில் பாடசாலைக்கு நான்கு துண்டுகள் தயார்.

மாவையும் உப்பையும் சோடாவையும் இரவே அரித்து மூடி வைக்கலாம். ஈரம் படாதவரை சோடா வேலை செய்யத் தொடங்காது. காலையில் மோர் விட்டால் போதும்.

சரியாக வராவிட்டால்

பாண் எழும்பவில்லை, உள்ளே அடர்த்தியாக இருக்கிறது: சோடா பழையது, அல்லது மோர் புளிக்கவில்லை, அல்லது மாவைக் குழைத்த பின் தாமதமாகிவிட்டது.

மஞ்சள் புள்ளிகளும் சவர்க்கார ருசியும்: சோடா கூடிவிட்டது அல்லது சரியாக அரிக்கவில்லை.

அடி கருகி, நடு வேகவில்லை: கீழே தணல் அதிகம், மேலே போதாது, அல்லது பாண் அளவுக்கு மீறித் தடிப்பு.

கல்லுப் போல இருக்கிறது: அதிகம் குழைத்துவிட்டீர்கள், அல்லது மோர் போதவில்லை. வீச வேண்டாம். சிறிதாக உடைத்துப் பருப்பிலோ சொதியிலோ ஊறவைத்துச் சாப்பிடலாம்.

முதற் பாண் பலருக்கும் சரியாக வருவதில்லை. தணல் கைக்குப் பழகவேண்டும். முதல் தடவை பாதி அளவில் செய்து பாருங்கள், மா வீணாகாது. அளவு பாதியானால் நேரமும் குறையும் என்பதால் முன்கூட்டியே ஈர்க்கால் குத்திப் பாருங்கள்.

சத்துக் கூட்டுவது எப்படி?

வெள்ளை மா வயிற்றை நிரப்பும். அது மட்டுமே உடம்பை வளர்க்காது. பாணோடு பருப்புக் கறி, சம்பல், கீரை, முட்டை, மீன் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். மாவிலேயே சத்துச் சேர்க்கவும் வழி உண்டு. ஒரு கோப்பைக் கோதுமை மாவுக்குப் பதிலாக ஒரு கோப்பைக் குரக்கன் மா போடலாம். ஒரு கைப்பிடி முருங்கையிலையை நறுக்கிச் சேர்க்கலாம். தேங்காய்ப்பூச் சேர்த்தால் பாண் மென்மையாகும். இனிப்பு வேண்டுமென்றால் தூளாக்கிய பனங்கட்டி இரண்டு மேசைக்கரண்டி போதும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. அதற்குப் பிறகு, பொருக்கை நீக்கிய மெதுவான பகுதியைப் பருப்புத் தண்ணீரில் மசித்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் உப்பை அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள். சோடாவிலும் சோடியம் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் ஒரு துண்டோடு நிறுத்தி, கீரையும் பருப்பும் கூடச் சாப்பிடுவது நல்லது.

இந்தப் பாணில் எண்ணெயோ பதப்படுத்தும் பொருளோ இல்லாததால் சீக்கிரம் உலரும். சுட்ட அன்றே சாப்பிடுங்கள். மிஞ்சியதை மறுநாள் காலையில் கல்லில் வாட்டினால் நன்றாக இருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டாம். எங்கள் வெக்கையில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும்.

தணலில் கவனம்

தறப்பாளும் கிடுகும் ஒரு பொறியில் பற்றிவிடும். கொட்டிலுக்கு வெளியே, காற்று மறைவான இடத்தில் அடுப்பை வையுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அடுப்பைச் சுற்றிக் கல்லோ மண்ணோ உயர்த்தி மறைப்புக் கட்டுங்கள். அடுப்பு மூட்டுமுன், நீங்கள் நிற்கும் இடத்தின் நிலமும் சுத்தமாக்கிப் பாவித்து வந்த நிலமாக இருக்க வேண்டும். புதைந்திருக்கும் வெடிபொருள் சூட்டிலும் வெடிக்கக்கூடும். அதனால் தோண்டாத, துப்புரவாக்காத மூலையில் நெருப்பு மூட்ட வேண்டாம். குப்பை எரிப்பதற்கும் இதே எச்சரிக்கைதான்.

தணலை அள்ள நீண்ட பிடியுள்ள அகப்பையோ மண்வெட்டியோ எடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோ மணலோ இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் அண்டாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். மூடியில் கிடந்த தணல் நீறு பூத்திருந்தாலும் உள்ளே சூடு நெடுநேரம் இருக்கும். வேலை முடிந்ததும் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால், சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை விட்டுக்கொண்டிருங்கள். எண்ணெய், பற்பசை எதுவும் பூச வேண்டாம். காயம் பெரிதென்றால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஞாபகத்தில் வைக்க

தெரிந்த நிலத்தில் மட்டும் விறகு பொறுக்குங்கள், தெரிந்த நிலத்தில் மட்டும் அடுப்பு மூட்டுங்கள்.
சலவைச் சோடா வேறு, அப்பச்சோடா வேறு.
சோடா ஒரு தேக்கரண்டி, மட்டமாக.
குழைக்காமல் கலவுங்கள்.
கீழே ஒரு பங்கு தணல், மேலே இரண்டு பங்கு.
முதலில் தணல், பிறகு மா.

முகாமில் சாப்பாடு வரும் நேரத்துக்கு நீங்கள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது பிள்ளைகள் எழும்பும் நேரத்துக்கு ஏற்றபடி உங்கள் அடுப்பை நீங்களே மூட்டுகிறீர்கள். பொதியில் வரும் மா எல்லோருக்கும் ஒரே மாதான். அதில் ரொட்டியா, புட்டா, பாணா என்று தீர்மானிப்பது உங்கள் கை. இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து அடுப்படியில் மாட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவர் இருந்தால் ஒரு நாள் கூப்பிட்டு, அவருக்கு முன்னால் ஒரு பாண் சுட்டுக் காட்டுங்கள்.